வலையின் விளிம்பில் ஒரு பந்து

டென்னிஸின் கதை – அத்தியாயம் 31

சென்ற அத்தியாயத்தை நியூயார்க்கில், ஃபிளஷிங் மெடோஸ் மைதானத்தின் கார் நிறுத்துமிடத்தில் முடித்திருந்தோம். 1988 ஆகஸ்டில் ஆட்டக்காரர் சங்கமான ஏ.டி.பி.யின் தலைமை அதிகாரி ஹாமில்டன் ஜோர்டன் அங்கே நின்றபடி, 1990 முதல் சுற்றுப் போட்டிகளை ஆட்டக்காரர்களே நடத்தப்போவதாகப் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அது நிர்வாகத்தின் கதை. இந்த வாரம் அதே ஊரில், அதே ஆண்டின் குளிர்காலத்தில், ஒரு கூரைக்கு அடியில் நடந்த ஆட்டத்துக்குப் போவோம்.

அதற்கு முன்னால் ஒரு தோள்பட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1988 செப்டம்பர் 11 அன்று அமெரிக்க ஓப்பன் இறுதியாட்டம். 1985, 86, 87 என்று மூன்று ஆண்டுகள் அந்தப் பட்டத்தை விடாமல் வைத்திருந்த இவான் லெண்டில் ஒரு பக்கம். அந்த ஆண்டு ஆஸ்திரேலியாவையும் பாரிஸையும் வென்றிருந்த ஸ்வீடனின் மாட்ஸ் வில்லாண்டர் மறுபக்கம். ஆட்டம் 4 மணி 54 நிமிடம் நீண்டது. ஐந்தாவது செட்டை 6-4 என்று வில்லாண்டர் எடுத்தார். பட்டத்தோடு லெண்டிலின் உலக முதலிடமும் போயிற்று. தொடர்ந்து 157 வாரங்கள் அவர் அந்த இடத்தில் இருந்தார். அன்று சாதனையாக இருந்தது ஜிம்மி கானர்ஸின் 160 வாரம். இன்னும் மூன்றே வாரம் தாக்குப்பிடித்திருந்தால் அதைத் தொட்டிருப்பார்.

அதே மாதம் அவருடைய வலது தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. ராக்கெட் பிடிக்கும் கை, உலகமே அஞ்சிய ஃபோர்ஹேண்ட் பிறக்கும் தோள். அப்போது அவருக்கு வயது 28.

இருபத்தெட்டு வயதுக்காரரை மூத்த வீரர் என்று சொல்வது இன்றைய வாசகருக்கு விசித்திரமாகப் படலாம். இப்போது முப்பத்தைந்தைத் தாண்டியும் கிராண்ட்ஸ்லாம் வெல்கிறார்கள். அன்றைய நிலவரம் வேறு. போர்க் 26 வயதில் ஒதுங்கிக்கொண்டார். மெக்கன்ரோ 25 வயதில் வென்ற 1984 அமெரிக்க ஓப்பனுக்குப் பிறகு ஒற்றையர் கிராண்ட்ஸ்லாம் எதையும் தொடவில்லை. பதினேழு வயதில் விம்பிள்டனை வெல்லும் பையன்கள் வரத் தொடங்கிய காலம் அது. அந்தப் பையன்களோடு பத்தாண்டு அனுபவமுள்ள உடம்பை வைத்துக்கொண்டு மோதியவர் லெண்டில்.

அவர் மோதப் போன இடம் மாஸ்டர்ஸ். ஆண்டு முழுவதும் ஆடிச் சேர்த்த புள்ளிகளின்படி முதல் எட்டுப் பேர் மட்டும் ஆடும் போட்டி. 1970இல் டோக்கியோவில் தொடங்கி, ஊர் ஊராகச் சுற்றி, 1978 ஜனவரியில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் வந்து நின்றது. நான்கு நான்கு பேராக இரண்டு குழு. குழுவுக்குள் ஒவ்வொருவரும் மற்ற மூவரோடும் ஆட வேண்டும். பிறகு அரையிறுதி, அதற்குப் பிறகு ஐந்து செட் இறுதியாட்டம். ஒரு தோல்வியோடு வீட்டுக்குப் போகிற வழக்கமான நாக்-அவுட் போட்டி இல்லை இது. தொடர்ந்து பல நாள் உலகின் மிகச் சிறந்தவர்களோடு மட்டுமே ஆட வேண்டும்.

இந்தப் போட்டியில் லெண்டில் செய்திருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. 1980ஆம் ஆண்டு மாஸ்டர்ஸ் முதல் 1988 வரை, ஒன்பது முறை தொடர்ந்து இறுதியாட்டத்துக்கு வந்தார். ஒரு முறைகூட வழியில் தடுக்கி விழவில்லை. முதல் இறுதியில் போர்க்கிடம் தோற்றார். அடுத்த ஆண்டு நியூயார்க்கின் செல்லப்பிள்ளை விடாஸ் ஜெருலைடிஸிடம் முதல் இரண்டு செட்களைப் பறிகொடுத்துவிட்டு, அடுத்த மூன்றையும் பிடுங்கிப் பட்டம் வென்றார். மெக்கன்ரோவை ஒரு முறை வீழ்த்தினார், அவரிடம் இரண்டு முறை வீழ்ந்தார். 1985, 86, 87 மூன்று பட்டங்களும் அவருக்கே. ஆக 1988 டிசம்பரில் அவர் கார்டனுக்குள் நுழைந்தபோது ஐந்து மாஸ்டர்ஸ் பட்டங்கள் அவர் கணக்கில் இருந்தன.

ஆனாலும் அந்த ஊர் அவரை நேசிக்கவில்லை. அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1981 ஜனவரியில், அரையிறுதியில் போர்க்கைச் சந்திக்காமல் தப்பிப்பதற்காகவே கானர்ஸிடம் குழு ஆட்டத்தில் விட்டுக்கொடுத்தார் என்று குற்றம் சாட்டினார்கள். கானர்ஸ் அவரைக் கோழை என்றே சொன்னார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. போதாததற்கு, செக்கோஸ்லோவாகியாவின் ஆஸ்த்ராவா என்ற சுரங்க நகரிலிருந்து வந்தவர். சிரிக்காத முகம். ஒவ்வொரு சர்வுக்கும் முன்னால் பையிலிருந்து மரத்தூளை எடுத்துக் கைப்பிடியில் தேய்த்துக்கொள்ளும் பழக்கம். அமெரிக்காவின் பெரிய விளையாட்டு வார இதழ் ஒன்று 1986இல் அவரை அட்டையில் போட்டு, யாருமே பொருட்படுத்தாத சாம்பியன் என்ற பொருள்படத் தலைப்பு வைத்தது. அமெரிக்க ஓப்பனை வென்ற கையோடு ஒருவருக்குக் கிடைத்த மரியாதை அது! எழுதும்போதே வருத்தமாக இருக்கிறது.

உண்மையில் அவரளவு இந்த ஆட்டத்தை மதித்தவர்கள் குறைவு. கனெக்டிகட்டில் கிரீனிச் என்ற ஊரில் வீடு வாங்கிக் குடியேறினார். அமெரிக்க ஓப்பன் மைதானத்தில் தளம் போடும் அதே ஆட்களை வரவழைத்து, அதே தளத்தைத் தன் வீட்டிலும் போட்டுக்கொண்டார். ராபர்ட் ஹாஸ் என்ற உணவியல் நிபுணர் சொன்னபடி தட்டில் இருந்ததை மாற்றினார். ஆஸ்திரேலியரான டோனி ரோச்சைப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டு, தனக்கு வராத வாலியைப் பள்ளிப் பிள்ளைபோல் கற்றார். இன்று ஒவ்வொரு ஆட்டக்காரரும் உணவுக்கு ஒருவர், உடற்பயிற்சிக்கு ஒருவர் என்று ஒரு குழுவோடு வருகிறாரே, அந்த வழியைப் பெரிய அளவில் திறந்துவிட்டவர்களில் லெண்டில் முதன்மையானவர் என்பது என் கருத்து.

இப்போது எதிராளி.

போரிஸ் பெக்கர். மேற்கு ஜெர்மனியின் லைமன் என்ற சிற்றூர்க்காரர். 1985இல் போட்டியின் சீடிங் பட்டியலில்கூட இடம் தரப்படாத 17 வயதுப் பையனாக விம்பிள்டனை வென்றவர், மறுவருடம் இறுதியில் லெண்டிலையே நேர் செட்களில் வீழ்த்தி அதைத் தக்கவைத்தவர். அவருடைய சர்வைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். முன்னும் பின்னுமாக ஒரு ஆட்டம், முழங்கால் ஆழமாக மடியும், உடம்பு முறுக்கிக்கொள்ளும், பிறகு அந்த முறுக்கு மொத்தமும் பந்தின் மேல் அவிழும். அவர் சர்வைத் திருப்பி எடுக்க நிற்பவருக்கு யோசிக்க நேரமே இருக்காது.

ஆனால் 1988 அவருக்கும் முழுமையான ஆண்டு இல்லை. விம்பிள்டன் அரையிறுதியில் லெண்டிலை வென்றவர், இறுதியில் எட்பர்க்கிடம் தோற்றார். அமெரிக்க ஓப்பனில் இரண்டாவது சுற்றிலேயே டேரன் காஹிலிடம் வெளியேறினார். இன்னொரு கணக்கும் அவர் மனதில் இருந்திருக்கும். மாஸ்டர்ஸ் ஜனவரியிலிருந்து டிசம்பருக்கு மாறியபோது, 1986 என்ற ஒரே காலண்டர் ஆண்டில் இரண்டு மாஸ்டர்ஸ் நடந்தன. இரண்டு இறுதியிலும் ஆடியவர்கள் லெண்டிலும் பெக்கரும்தான். ஜனவரியில் 6-2, 7-6, 6-3. டிசம்பரில் 6-4, 6-4, 6-4. இரண்டுமே லெண்டிலுக்கு. அந்தக் கூரைக்கு அடியில், இறுதியாட்டத்தில், லெண்டிலிடமிருந்து ஒரு செட்கூடப் பெக்கர் எடுத்ததில்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. உள்ளரங்கம் என்பது சர்வ் பலமுள்ளவரின் வீடு. காற்று கிடையாது, மேலே வீசிய பந்து எங்கே நின்றதோ அங்கேயே இறங்கும். கண்ணில் வெயில் அடிக்காது. அன்று உள்ளரங்கங்களில் ஆட்டம் நடந்தது கார்ப்பெட் மேல். ஐஸ் ஹாக்கியும் கூடைப்பந்தும் நடக்கும் அரங்கத்தில், போட்டிக்காகச் செயற்கை விரிப்பைச் சுருள் பிரித்து விரிப்பார்கள். அதில் பந்து எழும்பாது, தாழ்வாக வழுக்கிக்கொண்டு வரும். வேகமாக வருவது இன்னும் வேகமாக வரும். இப்படிப்பட்ட இடத்தில் பெக்கரின் சர்வை இரண்டு முறை இறுதியில் அடக்கியவர் லெண்டில். பெக்கருக்குச் சர்வ் மட்டும் போதாது என்பதை அந்த இரண்டு ஸ்கோர்களும் சொல்லிவிட்டன.

1988 டிசம்பர் 5, திங்கட்கிழமை இரவு. அந்த வார எட்டுப் பேரில் வில்லாண்டர் இருந்தார், எட்பர்க் இருந்தார், முதல்முறையாக வந்திருந்த 18 வயது ஆந்த்ரே அகாசி இருந்தார். கடைசியில் மிஞ்சியவர்கள் மறுபடியும் இவர்கள் இருவரும்தான். அறுவை முடிந்து மூன்று மாதம்கூட நிறைவாகாத தோளோடு லெண்டில். இருபத்தொரு வயது நிறைந்து பதின்மூன்றே நாளான பெக்கர்.

முதல் செட் லெண்டிலுக்கு, 7-5. இரண்டாவது செட் 6-6 வரை போய் டைபிரேக்கில் நின்றது. ஏழு புள்ளிகளை இரண்டு புள்ளி இடைவெளியோடு முதலில் எடுப்பவருக்கு செட். அதைப் பெக்கர் 7-5 என்று எடுத்தார். அந்த டைபிரேக்கை இழந்திருந்தால் இரண்டு செட் பின்தங்கியிருப்பார், மூன்றாவது முறையும் அதே கதையாகியிருக்கும் என்றே நினைக்கிறேன். ஏனென்றால் மூன்றாவது செட்டை லெண்டில் 6-3 என்று தெளிவாக வென்றார். நான்காவதைப் பெக்கர் 6-2 என்று வாரிக்கொண்டார். செட் இரண்டுக்கு இரண்டு.

ஐந்தாவது செட்டில் இருவரும் நகர மறுத்தார்கள். 6-6. மறுபடி டைபிரேக்.

இங்கே ஒரு நிமிடம் நிற்போம். ஐந்தாவது செட்டிலும் டைபிரேக் வைப்பது அன்று எல்லா இடத்திலும் இருந்த வழக்கமில்லை. நான்கு கிராண்ட்ஸ்லாமில் அமெரிக்க ஓப்பன் மட்டுமே அதை ஏற்றிருந்தது. விம்பிள்டனிலோ பாரிஸிலோ மெல்பர்னிலோ இதே ஆட்டம் நடந்திருந்தால், இரண்டு கேம் இடைவெளி வரும்வரை இரவெல்லாம் போயிருக்கலாம். டைபிரேக்கைக் கண்டுபிடித்த ஜிம்மி வான் ஏலனைப் பற்றி முன்பொரு அத்தியாயத்தில் படித்தது நினைவிருக்கும். முடிவற்று நீளும் செட்களை வெறுத்தவர் அவர். அவர் விதித்த முறை அன்றைக்கு நாலரை மணி நேர உழைப்பை ஒரு டஜன் புள்ளிகளுக்குள் அடைத்துவிட்டது.

பெக்கர் 6-5. மேட்ச் பாயிண்ட்.

சர்வ் பலத்தில் பெயரெடுத்தவர்கள் மேட்ச் பாயிண்ட்டில் என்ன செய்வார்கள் என்று நமக்குத் தெரியும். ஒன்று ஏஸ், இல்லையென்றால் வலைக்கு ஓடிவந்து ஒரு வாலி. இரண்டு மூன்று ஷாட்டுக்குள் கதை முடிய வேண்டும். இந்தப் புள்ளியில் அப்படி எதுவும் நடக்கவில்லை. இருவரும் பேஸ்லைனில் நின்றுவிட்டார்கள். பந்து பேக்ஹேண்டிலிருந்து பேக்ஹேண்டுக்குக் குறுக்காகப் போய் வந்துகொண்டிருந்தது. பத்து ஷாட் ஆயிற்று. இருபது ஆயிற்று. லெண்டில் தவறவில்லை. பெக்கரும் வலைப்பக்கம் போகவில்லை. அந்தப் பதிவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு அடைக்கிறது. ஒருவர் தோள் புண்ணாக இருக்கிறது, இருவர் காலும் நான்கரை மணி நேரமாக ஓடியிருக்கிறது, ஆனாலும் யாரும் அவசரப்படவில்லை. முப்பது. முப்பத்தைந்து.

முப்பத்தேழாவது ஷாட் பெக்கரின் பேக்ஹேண்ட். பந்து வலையின் மேல்பட்டையில் இடித்தது. ஒரு கணம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்று, லெண்டில் பக்கம் விழுந்து செத்தது. பேஸ்லைனுக்குப் பின்னால் நின்றவர் ஓடி எடுக்கக்கூடிய தூரமில்லை.

5-7, 7-6, 3-6, 6-2, 7-6. நேரம் 4 மணி 42 நிமிடம்.

கணக்கைக் கூட்டிப் பாருங்கள். மொத்தம் 55 கேம். பெக்கருக்கு 28, லெண்டிலுக்கு 27. இரண்டு டைபிரேக்கும் 7-5, அதாவது இரண்டிரண்டு புள்ளி வித்தியாசம். ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆடிய இரண்டு பேருக்கு இடையே இருந்த தூரம் இவ்வளவுதான்.

பந்து வலையில் பட்டு விழுந்ததால் இதை அதிர்ஷ்ட வெற்றி என்று எழுதியவர்கள் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. அந்தப் பட்டையில் பந்து இடித்தது முப்பத்தேழாவது அடியில். அதுவரை முப்பத்தாறு அடிகள் பிழையில்லாமல் போய் வந்தன, அதில் பாதி பெக்கருடையவை. அதைவிட முக்கியம், அவை அடிக்கப்பட்ட இடம். பேஸ்லைனில் நின்று, பொறுமையாக, எதிராளி தவறும்வரை பந்தைத் திருப்பிக்கொண்டே இருப்பது லெண்டிலின் பிழைப்பு. 1986இல் இரண்டு முறை பெக்கரை அவர் அடக்கியதும் அந்த வழியில்தான். மூன்றாவது முறை பெக்கர் அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். 1987 ஜூலையில் ஹார்ட்ஃபோர்ட் நகரின் உள்ளரங்கில், டேவிஸ் கோப்பை ஆட்டத்தில் மெக்கன்ரோவை 4-6, 15-13, 8-10, 6-2, 6-2 என்று அவர் வென்றிருந்தார். நீண்ட இரவுகளுக்கு அந்தக் கால்கள் பழகிவிட்டன என்பதற்கு அதுவே சாட்சி. உலகின் மிகப் பெரிய சர்வ்களில் ஒன்றை வைத்திருந்தவர், தன் வாழ்க்கையின் முதல் மாஸ்டர்ஸ் பட்டத்தைச் சர்வால் முடிக்கவில்லை. லெண்டிலின் ஆட்டத்தை லெண்டிலோடு ஆடி முடித்தார்.

தோற்றவருக்கும் இதே நியாயத்தைச் செய்ய வேண்டும். அந்தத் தோளோடு, அந்தத் தளத்தில், அந்தச் சர்வை எதிர்த்து, ஐந்தாவது செட் டைபிரேக்கில் ஐந்து புள்ளி வரை வந்தவரை இனியும் யாரும் கோழை என்று சொல்லியிருக்க முடியாது. லெண்டில் ஆடிய மாஸ்டர்ஸ் இறுதிகளில் அவர் தோற்றவை நான்கு. நான்கிலும் மிகச் சிறந்த லெண்டிலைக் காட்டியது இதுதான் என்பேன்.

பெக்கருக்கு அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. இரண்டு வாரத்துக்குள் கோதன்பர்க்கில் டேவிஸ் கோப்பை இறுதி. ஓராண்டுக்கு முன்னால் அதே ஊரில்தான் விஜய் அமிர்தராஜும் ரமேஷ் கிருஷ்ணனும் அடங்கிய இந்திய அணி ஸ்வீடனிடம் தோற்றுத் திரும்பியிருந்தது. அரங்கத்துக்குள் களிமண் தளம் போட்டுக் காத்திருந்த ஸ்வீடனை இந்த முறை மேற்கு ஜெர்மனி 4-1 என்று வென்றது. எட்பர்க்கைப் பெக்கர் நேர் செட்களில் வீழ்த்தினார். 1989இல் விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன் இரண்டும் அவருடையவை. இரண்டிலும் வழியில் நின்றவர் லெண்டில். ஒன்றில் அரையிறுதியில், மற்றதில் இறுதியில். இருந்தும் இருவரும் ஆடிய எல்லா ஆட்டங்களையும் எண்ணினால் லெண்டில் 11, பெக்கர் 10.

மாஸ்டர்ஸ் இறுதிக்கு லெண்டில் மறுபடி வரவில்லை. அடுத்த மூன்று ஆண்டும் அரையிறுதியோடு நின்றார். போட்டியும் கார்டனில் நிலைக்கவில்லை. 1989 டிசம்பரோடு நியூயார்க் காலம் முடிந்தது. ஜோர்டன் அறிவித்த புதிய ஏற்பாட்டின்படி 1990இல் அது ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு, பெக்கரின் நாட்டுக்குப் போய்விட்டது.

ஆனால் அந்த டிசம்பர் இரவுக்குப் பிறகு லெண்டில் உடைந்து போகவில்லை. எட்டு வாரத்துக்குள் மெல்பர்ன். அங்கே அவர் தன் முதல் ஆஸ்திரேலிய ஓப்பனை வென்றார், இறுதியில் தன் நாட்டுக்காரர் மிலோஸ்லாவ் மெசிரை 6-2, 6-2, 6-2 என்று துடைத்தெடுத்து. 1989 ஜனவரி 30 அன்று உலக முதலிடம் மறுபடி அவரிடம் வந்தது.

அந்த முதலிடம் அவருக்குத் திரும்பிக் கிடைக்க வழி திறந்துவிட்டவர் வேறொருவர். நடப்புச் சாம்பியனாக, உலகின் முதல் ஆட்டக்காரராக மெல்பர்னுக்கு வந்த வில்லாண்டர் இரண்டாவது சுற்றிலேயே 6-3, 6-2, 7-6 என்று நேர் செட்களில் வெளியேறினார். அவரை வெளியேற்றியவருக்கு ஏஸ் அடிக்கும் சர்வ் கிடையாது. மென்மையான கை, எதிராளிக்கு முன்பே பந்தைப் படிக்கும் கண், அவ்வளவுதான் ஆயுதம். ராமநாதன் கிருஷ்ணனின் மகன், மெட்ராஸ்காரர் ரமேஷ் கிருஷ்ணன்.

அந்த ஆட்டத்தை அடுத்த வாரம் முழுதாகப் பார்ப்போம்.